ஈரத் துணியின் எடை

ஜனவரி 12

அன்புள்ள எலிக்கு,

நானும் உன் அத்தானும் சுகம். பையன் ஹாஸ்டலில் இருக்கிறான். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் அவனும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா, இல்லை இன்னும் காகிதத்தை மூக்கில் வைத்துத்தான் படிக்கிறாயா?

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். லாண்டரியில் போன் கல்லா மேலே இருக்கிறது. மூன்று மெஷினும் ஓடும் சத்தத்தில் ஸ்பீக்கரில் போட்டால்தான் காது கேட்கும். நான் இங்கே இருமினால், துணி போட வரும் லாட்ஜ் மேனேஜர் அங்கே மாத்திரை சொல்லுவார்.

விஷயம் பெரிதில்லை. எதிர்த்தெருவில் பெண்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் போட்டார்கள். அவர்களுடைய படுக்கை விரிப்பு எல்லாம் நம்மிடம்தான் வெளுப்புக்கு வந்தது. வியாழக்கிழமை முப்பது விரிப்பை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். வாசலில் இருந்த நர்ஸ் நோட்டைத் திறந்து, "உங்க வயசு?" என்றாள்.

"நான் விரிப்பு குடுக்க வந்தேம்மா."

"விரிப்பை அங்க வைங்க. வயசைச் சொல்லுங்க."

"நாப்பத்து மூணு."

"இதுக்கு முன்னாடி கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாதப்பவே பாக்கறதுதான் இது. வாங்க. நீங்க துவைச்ச விரிப்புலதான் படுக்கப் போறீங்க, அப்புறம் என்ன பயம்?"

படுத்தேன். விரிப்பின் ஓரத்தில் ஒரு தையல் பிரிந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சின்ன பிரஷ் ஒன்றால் தடவி எடுத்து ஒரு குப்பியில் போட்டாள். கூச்சம்தான் அதிகம், வலி ஒன்றும் இல்லை. முடிவு நாலு வாரத்துக்குள் வருமாம்.

முப்பது தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். உன் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் செய்வார்கள். ஒருநாள் போய் வந்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதிக்கொள்வது. இங்கே நலம். நீ, அத்தான், போனை எடுக்காத மகாராஜா எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கண்ணாடி மாற்றிவிட்டேன். புதுக் கண்ணாடியில் பிரஸ் முதலாளியின் முகம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது. அது ஒன்றுதான் நஷ்டம். ப்ரூஃப் அறையில் இப்போது பாடப்புத்தக வேலை. போன வாரம் ஒரு மருந்துக் கம்பெனி டைரியில் பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டிருந்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்க்காமல் விட்டிருந்தால் ஊர் முழுக்க இரண்டு நாள் கூடுதலாக வாழ்ந்திருக்கும்.

விரிப்பு கொடுக்கப் போய் அதிலேயே படுத்துவிட்டு வந்த கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேஜைக்காரர், "என்னம்மா, அவ்வளவு நல்ல பிழையா?" என்று கேட்டார். அந்தத் தையலைப் பிறகு தைத்துக் கொடுத்தாயா? உனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்குமே.

முடிவு வந்ததும் எழுது. குளிராக இருக்கிறது, காலையில் ஈரத்தில் நிற்காதே.

எலி

பிப்ரவரி 9

அன்புள்ள எலிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இஸ்திரி போடும் 'பத்துமணி' அப்படியேதான் இருக்கிறாள். எட்டு மணிக்கு வா என்றால் பத்துக்கு வருகிறாள், பத்துக்கு வா என்றாலும் பத்துக்குத்தான் வருகிறாள்.

தையலை அன்றே தைத்துக் கொடுத்துவிட்டேன்.

முடிவு வந்தது. செல்களில் ஏதோ மாற்றம் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று சீட்டு. போனேன். டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட இளையவள். பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியை வெளியே நிறுத்தி, உள்ளே புளித்த காடி மாதிரி ஏதோ தடவிப் பார்த்தாள். தடவினால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியுமாம். "நாங்களும் வெளுக்கிறோம், வெளுத்தால் எங்களிடம் நல்லது" என்றேன். அவளுக்குப் புரிந்து சிரிக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் இரண்டு இடத்தில் கடுகளவு சதை கிள்ளி எடுத்தாள். சுருக்கென்றது, அவ்வளவுதான்.

இன்று அதன் முடிவு. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் சில வருஷத்தில் ஆகலாம் என்கிற நிலை. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும். மார்ச் 3 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. மனுஷர் சின்ன விஷயத்துக்கே சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்துவிடுவார். பயமாக இருக்கிறதா என்று நீ கேட்பாய். கொஞ்சம்.

நீ போய்ப் பார்த்தாயா? எழுதவில்லையே.

உன் அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

நான் நலம், நீ நலமா என்று கேட்க இப்போது பொறுமை இல்லை. உன் கடிதத்தில் 'புற்றுநோய் இல்லை' என்ற வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன்.

இல்லை என்றுதானே சொன்னார்கள்? நீ பூசி மெழுகவில்லையே? மார்ச் 3 நான் வந்து கூட இருக்கிறேன் என்று எழுத ஆசை. ஆனால் பாடப்புத்தகம் மார்ச் 10 அச்சுக்குப் போக வேண்டும். முதலாளி லீவு என்ற சொல்லையே பிழை என்று நினைப்பவர். நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, வேலையை விட்டுவிட்டு வருகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அத்தானிடம் இன்றைக்கே சொல். அவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

எலி

மார்ச் 6

அன்புள்ள எலிக்கு,

நலமாக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு வராதே. வந்தால் இங்கே விரிப்பு மடிக்க வைப்பேன்.

எல்லாம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசியில் நெஞ்சு கொஞ்ச நேரம் படபடவென்று அடித்தது. மருந்தால்தான், பயத்தால் இல்லை என்று டாக்டர் சொன்னாள். இரண்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மெல்லிய கம்பி வளையம் ஒன்று. அதில் மின்சாரம் ஓடுகிறது. தயிரைக் கரண்டியால் வழிப்பதுபோல் ஒரு துண்டு வழித்து எடுத்துவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்மைக் கறை எதில் போகும் என்று கேட்டாள். பேச்சுக் கொடுக்கிறாள் என்று தெரிந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்கும்போது வேலை முடிந்திருந்தது.

வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாலு வாரம் தண்ணீர் மாதிரியும் பழுப்பாகவும் படும், பயப்படாதே என்றார்கள். தொட்டியில் இறங்கிக் குளிக்கக் கூடாது. அஞ்சு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ரத்தம் அதிகம் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும். கணவனும் மனைவியும் நாலு வாரம் சேரக் கூடாது.

அத்தானிடம் சொல்லாமல் இந்தக் கடைசி விதியை எப்படி நடத்துவது? எனவே சொன்னேன். நீ நினைத்ததுபோல் ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை சாப்பிட்டார். பிறகு தலையணையைத் தூக்கிக்கொண்டு இஸ்திரி அறைக்குப் போய்விட்டார். "ஒதுங்கி இருக்கச் சொன்னாங்க, வீட்டை விட்டுப் போகச் சொல்லலை" என்று நான் போய்க் கூட்டி வந்தேன்.

நாளை முதல் கடைக்குப் போவேன். கல்லாவில் உட்கார்ந்தபடி சீட்டு எழுதும் வேலை மட்டும்தான்.

உன் பரிசோதனை என்ன ஆயிற்று?

உன் அக்கா

மார்ச் 16

அன்புள்ள எலிக்கு,

நலம். நீ நலமா? உன் பாடப்புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும்.

உடம்பு தேறிவருகிறது. கடை வழக்கம்போல் நடக்கிறது. வெட்டிய துண்டின் முடிவு இன்னும் வரவில்லை, வரும். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

எனக்கு நலம்தான். உன் நலத்தைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை. எனவே உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ப்ரூஃப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பு மையில் சின்னக் கூரை மாதிரி ஒரு குறி தெரிகிறதா? எங்கள் வேலையில் அதற்கு, இந்த இடத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, சேர்க்கவும் என்று அர்த்தம். உன் கடிதத்தில் மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன். "தேறிவருகிறது" என்பதற்கு முன்னால் ஒன்று. "வழக்கம்போல்" என்பதற்குப் பக்கத்தில் ஒன்று. "வேறு விசேஷம் இல்லை" என்பதற்குக் கீழே ஒன்று, அது பெரிய கூரை.

எப்படித் தெரியும் என்கிறாயா? இருபது வருஷமாகப் பேனாவில் எழுதுகிறவள் இந்தக் கடிதத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறாய். மல்லாந்து படுத்துக்கொண்டு காகிதத்தைத் தலைக்கு மேலே பிடித்து எழுதினால் பேனா மக்கர் செய்யும், பென்சில்தான் எழுதும். வரி எல்லாம் வலது பக்கம் சரிகிறது. கவர் மேல் விலாசம் அத்தான் கையெழுத்து. பத்துமணியைத் திட்டவில்லை. லாட்ஜ் மேனேஜர் வரவில்லை. என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

என்ன நடந்தது? விட்டதைச் சேர்த்து இதே தாளைத் திருப்பி அனுப்பு. என் காதில் பூச் சுற்றாதே.

எலி

ஏப்ரல் 5

அன்புள்ள போலீஸ் எலிக்கு,

இப்போது நிஜமாகவே சுகம். இதை உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பேனாவைப் பார். நீ கேட்ட தாளில் இடம் போதவில்லை, தனியாக எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. மார்ச் 13 அன்று லாட்ஜ் துணி அவசரம். பிழிகிற மெஷின் நின்றுவிட்டது. அத்தான் மெக்கானிக்கைக் கூட்டி வரப் போனார். மணி ஒன்பதரை, பத்துமணி இன்னும் வரவில்லை. தொட்டியில் விரிப்புகள் ஊறிக் கிடக்கின்றன, எடுக்காமல் விட்டால் வெள்ளைக்குப் போட்ட நீலம் திட்டுத் திட்டாகப் பிடித்துவிடும். நான் சட்டத்தை மீறவில்லை எலி. அந்தத் துணியின் சீட்டைப் பார்த்தேன். அதில் நாலு கிலோ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அஞ்சுக்குக் கீழேதானே? தூக்கிவிட்டேன்.

உனக்கு உடனே புரிந்திருக்கும், எனக்குப் புரியவில்லை. நாங்கள் துணியை எடை போடுவது வாங்கும்போது, உலர்ந்த துணியாக. இருபது வருஷமாக எடை என்றால் எனக்கு அந்தச் சீட்டில் இருப்பதுதான். பிழியாத நாலு கிலோ விரிப்பு பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். தினமும் தூக்குகிற கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மத்தியானம் ரத்தம் பட ஆரம்பித்தது. நிற்கவில்லை. அத்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார். மருந்து தடவிய துணியை உள்ளே வைத்து அடைத்தார்கள், ஒரு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். புண்ணின் பொருக்கு உதிர்கிற நாட்களில்தான் கவனமாக இருக்க வேண்டுமாம், நான் சரியாக அதே சமயத்தில் தூக்கியிருக்கிறேன். "அஞ்சு கிலோன்னு சொன்னேனே" என்றாள் டாக்டர். "நாலுதான் தூக்கினேன்" என்று சீட்டைக் காட்டினேன். புடவை முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன், சாட்சிக்கு. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? நான் உடுத்தியிருந்த துணியைப் பதற்றத்தில் வெந்நீரில் போட்டிருக்கிறார். ரத்தக் கறையை வெந்நீரில்! இத்தனை வருஷம் லாண்டரி வைத்திருக்கும் மனிதர். கறை அப்படியே நின்றுவிட்டது. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன். மறுநாள் கல்லாவிலிருந்த தராசைக் கழற்றி மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டார். எந்தத் துணியானாலும் ஈரத்தில் நிறுத்த வேண்டும், அஞ்சு தாண்டினால் நான் தொடக் கூடாது.

முடிவும் வந்துவிட்டது. நல்ல முடிவு. கெட்ட இடத்தைச் சுற்றி நல்லதையும் கொஞ்சம் சேர்த்துத்தான் வெட்டினார்களாம். வெட்டிய ஓரத்தில் எங்கும் கெட்டது இல்லை. முழுசாக வந்துவிட்டது என்று அர்த்தம். செப்டம்பர் 9 மறுபடி ஒரு பரிசோதனை.

சரி. இப்போது என் முறை. நீ எழுதிய கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை பரிசோதனைக்குப் போகச் சொன்னேன், இரண்டு தடவை போனாயா என்று கேட்டேன். மூன்று தடவையும் அந்த இடத்தை எலி கடித்துப்போட்டிருக்கிறது. சிவப்புப் பேனா இல்லை, துணிக்கு அடையாளம் போடும் மையால் உன் கடிதத்தில் கூரை போட்டு அனுப்பியிருக்கிறேன். சேர்க்கவும்.

உன் அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ இப்போது எப்படி இருக்கிறாய்? உலர்ந்த எடைக் கதையை முதலில் படித்தபோது அழுதேன், இரண்டாவது தடவை சிரித்தேன். தராசை இடம் மாற்றியதற்கு அத்தானுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு.

உன் மைக் கூரையைப் பார்த்தேன். அக்கா, எனக்கு எதற்கு அந்தப் பரிசோதனை? அவர் என்னை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் உண்டு, என் ப்ரூஃப் உண்டு. தனியாக இருக்கிறவள் போய் அந்த வரிசையில் நின்றால் அந்த நர்ஸ் என்ன நினைப்பாள்? கணவர் எங்கே என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள். நான் மென்று விழுங்க வேண்டும். எனக்கு வலி இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தால் போகமாட்டேனா?

இதை விடு. பாடப்புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. இருநூறு பக்கத்தில் ஒரே ஒரு பிழைதான். அது அட்டையில் இருக்கிறது.

எலி

மே 2

அன்புள்ள எலிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை நேற்று வாங்கினேன். இதை நிதானமாகப் படி.

இருபத்தாறு வருஷமாக உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வந்தது வயிற்றுக்கட்டி இல்லை.

உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினேழு. அம்மாவுக்கு மாதம் முழுக்க ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. "அப்பாகிட்ட சொல்லாதே. எலிகிட்ட வாயே திறக்காதே. தானா நின்னுடும்" என்றாள். நான் சொல்லவில்லை. விடியும் முன்னால் எழுந்து அவள் துணியை எல்லாம் நானே துவைத்துக் காயப்போடுவேன், அப்பா கண்ணில் படாமல். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், சூடு பட்டால் நின்றுவிடும். இன்று ஊரே வந்து என்னிடம் கறைக்கு வழி கேட்கிறது. எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அம்மா துணியில் நானே கற்றுக்கொண்டேன்.

எட்டு மாதம் துவைத்தேன், எலி. நன்றாகத் துவைத்தேன். அதுதான் தப்பு. ஒரு துணியில் கறை இருந்திருந்தாலும் அப்பா பார்த்திருப்பார். அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் அப்பாவைத் திட்டினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பக்கத்தில் நான். அப்போதும் வாய் திறக்கவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்று. ஏழு வாரத்தில் போய்விட்டாள். முப்பத்தெட்டு வயது.

இந்த ஜனவரியில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தக் காலை நேரங்கள்தான் ஞாபகம் வந்தன. டாக்டரிடம் முதல் தடவையாகச் சொன்னேன். இது அம்மாவிடமிருந்து வருவதில்லை என்றாள். ஒரு கிருமியாம். கல்யாணமான முக்கால்வாசிப் பேருக்கு எப்போதாவது வருமாம், தானாகவே போயும்விடுமாம். சிலருக்கு மட்டும் போகாமல் சத்தமில்லாமல் பத்துப் பதினைந்து வருஷம் தங்கிவிடும். "தனியா இருக்காங்கன்னு அது வெளியே போயிடாதும்மா. உங்க தங்கையைக் கட்டாயம் வரச் சொல்லுங்க" என்றாள். என்னைப் பற்றியும் ஒன்று சொன்னாள்: "உங்களுக்குப் பதினேழு வயசு. உங்க அம்மாவைக் கூப்பிட்டுப் பாக்க அப்ப எந்த முகாமும் இல்லை." நல்ல பெண். ஆனாலும் எட்டு மாதம் எட்டு மாதம்தான்.

வலி இல்லை, ஒன்றும் இல்லை, இருந்தால் போகமாட்டேனா என்று எழுதியிருக்கிறாய். அம்மாவும் தானா நின்றுவிடும் என்று இப்படித்தான் தள்ளிப்போட்டாள். அப்போது நான் சும்மா இருந்தேன். இப்போது இருக்கமாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. போ.

உன் அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

உடம்பு நலம். மனசு இப்போதுதான் கொஞ்சம் நலம். எட்டு வாரம் பதில் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை, உன் பையன் மாதிரி.

கோபம்தான். அம்மா மேல் இல்லை, உன் மேல். ஒன்பது வயதில் சொல்லாதது சரி. இருபதில்? முப்பதில்? ஒவ்வொரு வருஷமும் அம்மா படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நிற்கும்போது? நான் ஊரில் இருப்பவர்கள் விட்டதை எல்லாம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் வீட்டில் விட்டுப்போனதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் துணி துவைக்கக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. பதினேழு வயதுப் பெண் தினமும் இதில் கை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் கோபத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்: நீ துவைத்ததால் அம்மா போகவில்லை. அம்மா கடைசி எட்டு மாதமும் சுத்தமான துணி உடுத்தியிருந்தாள் என்றால் அது உன்னால்.

ஜூன் 4 போனேன். வரிசையில் என் முறை வந்தது. "கணவர்?" என்றாள் நர்ஸ். "இல்லை" என்றேன். "சரி, உள்ள வாங்க" என்றாள். அவ்வளவுதான் அக்கா. அந்த ஒரு கேள்விக்கா நான் இத்தனை நாள் பயந்தேன்? எங்கள் விரிப்பில் தையல் எதுவும் பிரிந்திருக்கவில்லை.

முடிவு எட்டு நாளைக்கு முன்னால் வந்தது. கவர் ஒட்டியபடியே என் மேஜையில் இருக்கிறது. பிரஸ்ஸுக்கு வரும் எல்லாக் காகிதத்தையும் படிக்கிறவளுக்கு இந்த ஒன்றைப் பிரிக்கக் கை வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நீ பிரித்துச் சொல். என்னவாக இருந்தாலும் சொல்.

எலி

ஜூலை 1

அன்புள்ள எலிக்கு,

மக்கு! இதைத் தபாலில் அனுப்பி இன்னும் நாலு நாளை வீணாக்கினாயே. இங்கே எல்லோரும் சுகம்.

கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. கடை முழுக்க ஆட்கள். கவரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து அத்தான் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் போய் மூன்று மெஷினையும் நிறுத்தினார். வேலை நேரத்தில் அவர் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு அமைதியாக இருக்குமா நம் கடை என்று இருந்தது. பத்துமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். லாட்ஜ் மேனேஜர் கல்லா பக்கத்தில் நின்றார். உள்ளே போய்ப் படிக்கலாம் என்று ஒரு அடி வைத்தேன். பிறகு போகவில்லை.

கடை நடுவில் நின்று சத்தமாகப் படித்தேன். "கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. மாற்றம் எதுவும் இல்லை. மூன்று வருஷம் கழித்து மறுபடி வரவும்."

எலி, அம்மாவுக்கு இப்படி வரச் சொல்லி யாரும் ஒரு தேதி எழுதிக்கொடுத்ததில்லை. அதை நினைத்ததும் மேலே படிக்க முடியவில்லை. மேலே ஒன்றும் இல்லைதான். ஆஸ்பத்திரி முத்திரை மட்டும்தான்.

மேனேஜர் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு, "உன் வயசு என்ன?" என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல திட்டு விழுந்திருக்கும். பத்துமணி வெள்ளிக்கிழமை பரிசோதனைக்குப் போகிறாள். எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், அவளுக்கு அந்த ஒரு கவலைதான்.

உன் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் தேதி செப்டம்பர் 9. நீ கூட வர வேண்டும், முதலாளியிடம் இப்போதே சொல்லி வை. முடிவு வர நாலு வாரம் ஆகும். அதற்குள் நீ திரும்பிப் போயிருப்பாய். வந்ததும் எழுதமாட்டேன், போன் செய்வேன். ஸ்பீக்கரில்தான் பேசுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா